பணம் ஏறியதா என்று பார்ப்பது அவமரியாதை அல்ல

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லாரும் செய்யும் வேலைகள் ஏறக்குறைய ஒன்றுதான். ரயில் டிக்கெட் எடுப்போம். மின் கட்டணம் கட்டுவோம். பிள்ளைகளின் பரீட்சை ரிசல்ட் பார்ப்போம். வங்கிக் கணக்கை மட்டும் அதில் திறக்க மாட்டோம். "நமக்கு எதுக்கு அந்த வம்பு? எவனாவது பணத்தை எடுத்துட்டா?" என்று ஒதுக்கி வைத்துவிடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். பழைய கார் ஒன்றை விற்கப் போய்த்தான் என் எண்ணம் மாறியது. காரை நாமே நேரடியாக விற்கும்போது நம் பணத்தைக் காப்பாற்றக்கூடிய முதல் கருவி அந்தக் கம்ப்யூட்டரே என்பது இப்போது என் உறுதியான கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

2022-ல் நடந்தது இது. பத்து ஆண்டுகள் ஓட்டிய காரை விற்க முடிவு செய்து, பழைய பொருட்களை விற்க உதவும் வெப்சைட் ஒன்றில் விளம்பரம் கொடுத்தேன். கேட்ட விலை 2,85,000 ரூபாய். முதல் மூன்று நாட்கள் போன் செய்தவர்கள் எல்லாரும் ஒன்றரை லட்சத்தில் தொடங்கினார்கள். நான்காவது நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, இரண்டு பேர் நேரில் வந்தார்கள். நல்ல பேச்சு, நல்ல உடை. பானட்டைத் திறந்து ஒரு முறை பார்த்தார்கள். தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தார்கள். ஐயாயிரம் குறையுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. "வண்டியை நல்லா வெச்சிருக்கீங்க சார், நீங்க சொன்ன விலையே இருக்கட்டும்" என்றார் மூத்தவர். என் மனைவி காபி கொண்டு வந்தார்.

காபி குடித்துக்கொண்டே அவர் செல்போனில் ஏதோ தட்டினார். பிறகு போனை என் பக்கம் திருப்பினார். பச்சை டிக் அடையாளம், என் பெயர், என் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், தொகை 2,85,000. கீழே 'வெற்றிகரமாக அனுப்பப்பட்டது' என்ற செய்தி. அடுத்த நிமிடம் என் போனிலும் ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. கணக்கில் அந்தத் தொகை வரவு வைக்கப்பட்டதாக அதில் இருந்தது. "சாவியும் ஆர்.சி. புக்கும் கொடுத்தீங்கன்னா ராத்திரியே கிளம்பிடுவோம் சார். நாளைக்கு முகூர்த்த நாள், கோயில்ல பூஜை போடணும்" என்றார்.

சாவி என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்துக் கொடுக்கத்தான் கை போனது. பக்கத்து அறையில் மகள் கம்ப்யூட்டரை ஆன் செய்து வைத்திருந்தாள். சில வாரங்களுக்கு முன்புதான் அவளது வற்புறுத்தலால் நெட் பேங்கிங் வசதி வாங்கியிருந்தேன். அதிகம் பயன்படுத்தியதில்லை. "ஒரு நிமிஷம், பார்த்துட்டு வந்துடறேன்" என்று போய்ப் பார்த்தேன். கணக்கில் காலையில் இருந்த இருப்புதான் இருந்தது. ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

வெளியே வந்து சொன்னேன். அவர் சிரித்தார். "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை சார். பேங்க் லீவு. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஏறிடும். மெசேஜ்தான் வந்துடுச்சே." பிறகு கொஞ்சம் வருத்தமான குரலில், "எங்களை நம்பலையா சார்?" என்றார்.

இந்தக் கேள்விதான் ஆபத்தானது. வீட்டுக்கு வந்து, நம் கையால் காபி வாங்கிக் குடித்த மனிதரிடம் "ஆமாம், நம்பவில்லை" என்று சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்? எனக்கு வாய் வரவில்லை. "நம்பிக்கை விஷயம் இல்லீங்க. பணம் ஏறட்டும், அதுவரைக்கும் உட்காருங்க, சாப்பிட்டுட்டே போகலாம்" என்று மட்டும் சொன்னேன். கடை வரை போய்வருகிறோம் என்று எழுந்தார்கள். திரும்பி வரவில்லை. போன் எண்ணும் அதன் பிறகு எடுக்கப்படவில்லை. எஸ்.எம்.எஸ். வந்த எண்ணை அப்புறம்தான் கவனித்தேன். வங்கியின் பெயர்ச் சுருக்கம் அதில் இல்லை. யாரோ ஒருவருடைய பத்து இலக்க செல்போன் எண் அது.

இதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அது அணைந்திருந்தால் கார் போயிருக்கும்.

'பேங்க் லீவு' என்பது பழைய கதை

அன்று அவர் சொன்ன காரணம் எனக்கு நியாயமாகவே பட்டது. ஞாயிற்றுக்கிழமை வங்கி மூடியிருக்கும், ஆகவே பணம் நாளைதான் வரும் என்பது நாம் பல காலம் பார்த்துப் பழகிய விஷயம். ஆனால் அந்தக் காலம் போய்விட்டது. நெஃப்ட் முறை 2019 டிசம்பர் 16 முதல் ஆண்டின் எல்லா நாட்களிலும் 24 மணி நேரமும் இயங்குகிறது. ஆர்.டி.ஜி.எஸ். முறையும் 2020 டிசம்பர் 14 முதல் அப்படியே. ஞாயிறு, தீபாவளி, நள்ளிரவு எதுவும் விலக்கல்ல.

நெஃப்டில் அரை மணி நேரத்துக்கு ஒரு முறை பணம் தொகுதியாகப் போகும். அந்தத் தொகுதி முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் பெறுபவரின் வங்கி வரவு வைக்க வேண்டும், அல்லது திருப்பி அனுப்ப வேண்டும். ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் அரை மணி நேரம்தான் அவகாசம். குறைந்தபட்சத் தொகை இரண்டு லட்சம் ரூபாய் என்பதால் கார் விற்பனைக்கு ஏற்ற முறை இது. ஐ.எம்.பி.எஸ்.ஸும் யு.பி.ஐ.யும் உடனுக்குடன் போய்ச் சேருபவை. ஆகவே "அனுப்பிவிட்டேன், நாளைக்கு ஏறும்" என்று ஒருவர் சொன்னால் இரண்டில் ஒன்றுதான். பணம் எங்கோ சிக்கியிருக்கிறது, அல்லது அவர் அனுப்பவே இல்லை. எதுவாக இருந்தாலும் சாவியை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. சிக்கிய பணம் தானாக விடுபடட்டும். அதுவரை கார் உங்கள் வாசலில் நிற்பதால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். யு.பி.ஐ. மூலம் ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பக்கூடிய தொகை பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு லட்சம் ரூபாய்தான். 2,85,000 ரூபாயை ஒரே தட்டலில் யு.பி.ஐ.யில் அனுப்பிவிட்டேன் என்று ஒருவர் காட்டினால் அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்த உடனேயே சந்தேகம் வர வேண்டும். இந்த வரம்பு எனக்கு அன்று தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் எந்த முறையில் அனுப்பினீர்கள் என்று கேட்டிருப்பேன்.

எது சாட்சி, எது சாட்சி அல்ல?

புதிதாகக் கம்ப்யூட்டரும் ஸ்மார்ட்போனும் வாங்கியவர்கள் ஒரே ஒரு பாடத்தைப் படித்தால் போதும் என்பேன். அவர் போனில் தெரிவது சாட்சி அல்ல. உங்கள் போனுக்கு வரும் எஸ்.எம்.எஸ்.ஸும் சாட்சி அல்ல. உங்கள் கணக்கில், நீங்களாகத் திறந்து பார்க்கும் இருப்பு மட்டுமே சாட்சி.

ஸ்கிரீன்ஷாட் என்பது வெறும் படம். பெயிண்ட் புரோகிராமில் நம் பிள்ளைகள் வரையும் படத்துக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. தொகையையும் பெயரையும் யாரும் மாற்றலாம். பணம் அனுப்பும் ஆப்களைப் போலவே தோற்றம் தரும் போலி ஆப்களும் இருக்கின்றன. தொகையை டைப் செய்தால் பச்சை டிக் காட்டும். சில சத்தமும் போடும். ஒரு ரூபாயும் நகர்ந்திருக்காது. எஸ்.எம்.எஸ்.ஸும் அப்படியே. யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் எந்த வாசகத்தையும் டைப் செய்து அனுப்பலாம். வங்கிகள் தங்கள் பெயர்ச் சுருக்கத்திலிருந்து செய்தி அனுப்பும், சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து அனுப்பாது. இருந்தாலும் அனுப்பியவர் பெயரை ஆராய்வதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். நேராகக் கணக்கையே பாருங்கள்.

பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. பிரவுசரைத் திறந்து வங்கியின் வெப்சைட் முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். வாங்க வந்தவர் அனுப்பிய லிங்கில் கிளிக் செய்யாதீர்கள். அவருடைய போனிலோ லேப்டாப்பிலோ உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்கவே கூடாது. லாக் இன் செய்ததும் முதலில் இருப்புத் தொகையைப் பாருங்கள். பிறகு அக்கவுண்ட் ஸ்டேட்மென்ட் பகுதிக்குச் சென்று கடைசி வரியைப் பாருங்கள். அங்கே தொகை, அனுப்பியவர் பெயர், யு.டி.ஆர். எனப்படும் குறிப்பு எண் ஆகியவை இருக்கும். அவர் தரும் யு.டி.ஆர். எண்ணும் உங்கள் ஸ்டேட்மென்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்யுங்கள்.

"நெட் பேங்கிங் என்றாலே பயமாக இருக்கிறது" என்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். கணக்கைப் பார்க்க மட்டும் முடியும், பணம் அனுப்ப முடியாது என்ற வகையில் சில வங்கிகள் நெட் பேங்கிங் தருகின்றன. உங்கள் கிளையில் கேட்டுப் பாருங்கள். காரை விற்க அதுவே போதும். அதில் பாஸ்வேர்ட் பறிபோனாலும் பணம் வெளியே போக வழியில்லை.

வாங்குவதற்கு 'பின்' எதற்கு?

இன்னொரு வகை ஆட்கள் நேரில் வரவே மாட்டார்கள். போனில்தான் பேசுவார்கள். ராணுவத்தில் இருக்கிறேன், வேறு ஊரில் பணியில் இருக்கிறேன், வண்டியை எடுக்க ஆள் அனுப்புகிறேன் என்பார்கள். சீருடை அணிந்த படமும் அடையாள அட்டையும் அனுப்புவார்கள். அட்வான்ஸ் அனுப்புவதாகச் சொல்லி ஒரு க்யூ.ஆர். கோடு அனுப்புவார்கள். "இதை ஸ்கேன் பண்ணி உங்க பின் நம்பரைப் போடுங்க, பணம் உங்களுக்கு வந்துடும்" என்பார்கள். போட்டால் பணம் வராது, போகும்.

யு.பி.ஐ. பின் என்பது பணத்தை வெளியே அனுப்புவதற்கான கையெழுத்து. வரும் பணத்துக்குக் கையெழுத்து தேவையில்லை. தபால்காரர் மணியார்டர் கொண்டு வந்தால்கூடக் கையெழுத்து வாங்குகிறாரே என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நியாயமான குழப்பம்தான். ஆனால் யு.பி.ஐ.யில் அப்படி இல்லை. பணம் பெற எந்தப் பின்னும் ஓ.டி.பி.யும் ஸ்கேனும் வேண்டாம். ஒரு தனிநபர் மற்றொருவரிடம் 'இவ்வளவு தா' என்று யு.பி.ஐ.யில் கோரிக்கை அனுப்பும் வசதியைப் பலர் இப்படித் தவறாகப் பயன்படுத்தியதால், 2025 அக்டோபர் 1 முதல் அதை நிறுத்தும்படி என்.பி.சி.ஐ. உத்தரவிட்டது. நல்ல முடிவு. ஆனால் க்யூ.ஆர். கோடு அனுப்பும் வழி அதனால் மூடிவிடவில்லை. ஆகவே விதியை மனதில் வைத்திருக்க வேண்டியவர் நீங்கள்தான்.

"தவறுதலா முப்பதாயிரம் அதிகமா அனுப்பிட்டேன், அதை மட்டும் திருப்பி அனுப்புங்க" என்று கெஞ்சுவதும் இதே குடும்பம். வந்ததாகச் சொல்லும் பணமே பொய். நீங்கள் திருப்பி அனுப்பும் முப்பதாயிரம் மட்டும்தான் நிஜம்.

ரொக்கமே நல்லது என்பவர்களுக்கு

இதையெல்லாம் கேட்ட என் மனைவியின் தம்பி, "அத்தான், பேசாம ரொக்கமா வாங்கிடுங்க. கையில காசு, வாயில தோசை" என்றார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

முதல் காரணம் சட்டம். வருமான வரிச் சட்டத்தில் 2017 ஏப்ரல் 1 முதல் ஒரு தடை வந்தது. ஒரே விற்பனைக்காக இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக் கூடாது. மீறினால் பெற்ற தொகை எவ்வளவோ அவ்வளவு அபராதம். அபராதம் கொடுத்தவருக்கு அல்ல, பெற்றவருக்கு. அதாவது விற்றவருக்கு. திங்கட்கிழமை ஒன்றரை லட்சம், புதன்கிழமை மீதி என்று பிரித்து வாங்கினாலும் விற்பனை ஒன்றுதான் என்பதால் தப்பிக்க முடியாது.

இரண்டாவது காரணம் கள்ள நோட்டு. 2,85,000 ரூபாய் என்றால் 500 ரூபாய் நோட்டுகள் 570. மாலை நேரத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 570 நோட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பவர் யார்? மறுநாள் வங்கியில் கட்டும்போது கள்ள நோட்டு என்று கண்டுபிடித்தால் முத்திரை குத்திப் பறிமுதல் செய்வார்கள். அதற்கு ஈடாக ஒரு பைசாவும் கிடைக்காது. ஒரே தடவையில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கள்ள நோட்டுகள் இருந்தால் போலீசில் புகார் பதிவாகும். நோட்டு யாரிடமிருந்து வந்தது என்று பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இரண்டு லட்சத்துக்குக் குறைவான விலை, வாங்குபவருக்கும் ரொக்கம்தான் வசதி என்றால் ஒன்று செய்யுங்கள். அவரையே உங்கள் வங்கிக் கிளைக்கு அழைத்துச் செல்லுங்கள். கவுண்டரில் கட்டுங்கள். எந்திரம் எண்ணும், எந்திரமே பரிசோதிக்கும். பான் கார்டைக் கையில் வைத்திருங்கள். ரசீது கைக்கு வந்ததும் சாவி அவர் கைக்குப் போகட்டும்.

செக், டி.டி. பற்றியும் இரண்டு வார்த்தை. செக் என்பது வாக்குறுதி. கணக்கில் போட்டவுடன் பதிவு தெரிந்தாலும், கிளியர் ஆன பிறகுதான் அது பணம். திரும்பி வந்தால் மாற்று முறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு இருக்கிறது. தகவல் வந்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ், பிறகு 15 நாள் அவகாசம், பிறகு வழக்கு. இத்தனையும் நடக்கும்போது கார் எந்த ஊரில் ஓடிக்கொண்டிருக்குமோ! டி.டி. பாதுகாப்பானது என்று நம் பெற்றோர் காலத்திலிருந்து ஒரு நம்பிக்கை. நல்ல டி.டி. பாதுகாப்பானதுதான். ஆனால் கையில் இருக்கும் காகிதம் நல்ல டி.டி.யா என்று பார்த்துச் சொல்ல நமக்குத் தெரியாது. கலர் பிரிண்டர் விலை குறைந்துவிட்ட காலம் இது. ஆகவே அதையும் வங்கியில் போட்டு, பணமாக மாறிய பிறகே சாவி.

யாருடைய பணம்?

இதுவரை சொன்னது பணம் வராமல் போகும் ஆபத்து. வந்த பணமே வம்பாக மாறுவதும் உண்டு. என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்றவர், தன் காரை விற்றார். பணம் முறையாகக் கணக்கில் ஏறியது. பார்த்துவிட்டுத்தான் சாவி கொடுத்தார். சில நாட்கள் கழித்து ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கப் போனால் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. வேறு ஊரில் யாரோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணத்தின் ஒரு பகுதிதான் அவருக்குக் காரின் விலையாக வந்திருந்தது. பறிகொடுத்தவர் புகார் கொடுத்ததும், பணம் போன வழியில் இருந்த கணக்குகளை எல்லாம் நிறுத்தி வைத்தார்கள். நண்பரின் பென்ஷனும் அதே கணக்கில்தான் வருகிறது. தான் விற்றது கார், வாங்கியது அதன் விலை என்று நிரூபிக்க மாதக்கணக்கில் அலைந்தார்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பறிகொடுத்தவர் பக்கமிருந்து பார்த்தால் கணக்கை நிறுத்தியதும் சரிதான். பாடம் ஒன்றே. காரை வாங்குபவர் யாரோ, அவர் பெயரில் உள்ள கணக்கிலிருந்தே பணம் வர வேண்டும். "மச்சான் கணக்கிலிருந்து அனுப்பறேன், பார்ட்னர் கணக்கிலிருந்து போடறேன்" என்பதெல்லாம் வேண்டாம். வாங்குபவர் கடன் எடுத்து வாங்கினால் வங்கியோ நிதி நிறுவனமோ தன் கணக்கிலிருந்து நேரடியாக உங்களுக்கு அனுப்பும். அது சரி. கடன் அனுமதிக் கடிதத்தின் நகலை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒன்று செய்யுங்கள். பென்ஷன் அல்லது சம்பளம் வரும் கணக்கின் எண்ணைக் கொடுக்காமல், வேறு சேமிப்புக் கணக்கின் எண்ணைக் கொடுங்கள்.

கையில் எழுத்து மூலமான ஆதாரமும் இருக்கட்டும். வாங்குபவரின் அடையாள அட்டை நகல், இரு தரப்பும் கையெழுத்திட்ட விற்பனைக் கடிதம், அதில் காரின் எண், விலை, யு.டி.ஆர். எண், ஒப்படைத்த தேதி, மணி. என் நண்பரைக் கடைசியில் காப்பாற்றியது அப்படி ஒரு ஒற்றைத் தாள்தான்.

விதியை முதல் போனிலேயே சொல்லுங்கள்

இவ்வளவும் தெரிந்தாலும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. தெரியாததால் மட்டும் நாம் ஏமாறுவதில்லை. தெரிந்தும், எதிரே இருப்பவர் முகம் வாடுமே என்று ஏமாறுகிறோம். காபி ஆறும் நேரத்தில் துணிச்சல் வராது. ஆகவே அதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு போன் செய்த ஒவ்வொருவரிடமும் முதலிலேயே இப்படிச் சொன்னேன்: "வண்டியை எப்ப வேணும்னாலும் வந்து பாருங்க. பணம் மட்டும் வேலை நாள்ல, என் பேங்க் கிளையில உட்கார்ந்து, உங்க கணக்குலேர்ந்து ஆர்.டி.ஜி.எஸ். பண்ணணும். என் கணக்குல தெரிஞ்சதும் சாவி, ஆர்.சி. புக், பேப்பர் எல்லாம் அங்கேயே தந்துடறேன்." சிலர் அதைக் கேட்டதோடு போனை வைத்துவிட்டார்கள். அவர்களில் நல்லவர்களும் இருந்திருக்கலாம், போகட்டும். பத்து நாளில் ஒருவர் வந்தார். பள்ளி வேன் ஓட்டுபவர், சொந்த உபயோகத்துக்குக் கார் தேடிக்கொண்டிருந்தார். என் நிபந்தனையைக் கேட்டதும் அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "அதான் சார் எனக்கும் நல்லது. பணத்தைப் போட்டுட்டு வண்டி கிடைக்கலைன்னா நான் எங்க போறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாங்குபவருக்கும் அதே பயம் இருக்கிறது. சேமித்த பணத்தை முன்பின் தெரியாத என்னிடம் அவர் அனுப்ப வேண்டும். வங்கிக் கிளையில், பகல் நேரத்தில், ஒரே மேஜையில் உட்கார்ந்து பணமும் சாவியும் கைமாறுவது இருவருக்கும் நியாயம். நேர்மையான ஆள் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

வேலை சுலபமாக முடிய இரண்டு முன்னேற்பாடுகள் செய்தோம். பல வங்கிகளில் புதிதாகச் சேர்க்கப்பட்ட கணக்குக்கு முதல் நாளே பெரிய தொகை அனுப்ப முடியாது. அதனால் முந்தின நாளே என் கணக்கு எண்ணைச் சேர்த்து வைக்கச் சொன்னேன். பிறகு சோதனையாக ஒரே ஒரு ரூபாய் அனுப்பச் சொன்னேன். எண் சரிதான் என்பது அவருக்குத் தெரிந்தது, பணம் அவர் பெயரில் உள்ள கணக்கிலிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரிந்தது. மறுநாள் காலை பதினொரு மணிக்கு அனுப்பினார். கால் மணி நேரத்தில் ஏறிவிட்டது. சாவியைக் கொடுத்தேன்.

சாவியோடு முடிவதில்லை

பணம் வந்துவிட்டதே என்று நிம்மதியாகத் தூங்கப் போகாதீர்கள். ஆர்.சி.யில் பெயர் மாறும் வரை சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் நீங்கள்தான். பல கைகள் மாறிய ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், ஆர்.சி.யில் பெயர் இருந்த முதல் உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டியை விற்றுப் பல காலம் ஆகிவிட்டது என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. வந்த விலையைப் போலப் பல மடங்கு கையை விட்டுப் போகலாம்.

மாநிலத்துக்குள் விற்றால், மோட்டார் வாகனச் சட்டப்படி விற்றவர் 14 நாட்களுக்குள் தகவல் கொடுக்க வேண்டும். அதற்குப் படிவம் 29. வாங்கியவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் படிவம் 30. பெயர், தேதி எழுதாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். சில வாரங்கள் கழித்து, மத்திய அரசின் பரிவாஹன் வெப்சைட்டிலோ எம்பரிவாஹன் ஆப்பிலோ வண்டி எண்ணைக் கொடுத்துப் பதிவு மாறிவிட்டதா என்று பாருங்கள். இதற்கும் அதே கம்ப்யூட்டர்தான் உதவுகிறது. காரின் கண்ணாடியில் ஒட்டியுள்ள ஃபாஸ்டாக் உங்கள் பணத்தோடு இணைந்தது. சாவி கொடுக்கும் முன் அதை மூடிவிடுங்கள். இல்லையென்றால் அவர் போகும் ஊருக்கெல்லாம் டோல் கட்டுபவர் நீங்கள்.

எல்லா எச்சரிக்கையையும் மீறி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்றங்களுக்கான மத்திய அரசின் வெப்சைட்டிலும் புகார் பதியலாம். பணம் கைமாறிப் போவதற்குள் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பணத்துக்காக அதைப் பார்த்துப் பயப்படுவதை நான் தினமும் காண்கிறேன். பயம் தப்பில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் கூடத்தில் இருந்தவற்றில் இனிமையான பேச்சு பொய் சொன்னது. பச்சை டிக் பொய் சொன்னது. என் சொந்தப் போனில் வந்த எஸ்.எம்.எஸ்.ஸும் பொய் சொன்னது. பக்கத்து அறையில் இருந்த கம்ப்யூட்டர் மட்டும்தான் உண்மையைச் சொன்னது. அதைப் போய்ப் பார்க்க ஒரு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடத்தை யாரிடமும் கூச்சப்படாமல் கேளுங்கள். காத்திருக்க மாட்டேன் என்பவருக்கு உங்கள் காரை விற்க வேண்டிய அவசியம் இல்லை.